அறையின் வெளிச்சமும் படத்தின் நேர்மையும்: கட்டட உட்புற ஒளிப்படக்கலை பற்றி ஓர் ஆய்வு

செட்டிநாட்டு வீடு ஒன்றின் தலைவாசலில் நிற்பவருக்கு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, கடைசியில் பின்வாசல் என எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். முற்றத்தில் விழும் வெயில், சுற்றிலும் தாழ்வாரத்தின் நிழல், பர்மாத் தேக்குத் தூண்களின் மினுக்கம், ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை ஆகிய அத்தனையையும் கண் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. அதே இடத்தில் கேமராவை வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முற்றம் வெறும் வெள்ளைத் திட்டாக வெளுத்திருக்கும், இல்லையென்றால் தூண்கள் இருளில் கரைந்திருக்கும். நிமிர்ந்து நிற்கும் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். சுண்ணாம்புச் சுவரின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் இருக்கும்.

திறந்த வெளியில் அவ்வளவாகத் தொல்லை தராத நான்கு சிக்கல்கள் அறைக்குள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள பெரும் இடைவெளி, கோடுகளின் சாய்வு, பலவகை விளக்குகளின் நிறக்கலப்பு, பின்வாங்கி நிற்க இடமின்மை ஆகியவை அவை. இவற்றைச் சமாளிக்க ஒளிப்படக்காரர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழி தேடி வந்திருக்கிறார்கள். படமெடுக்கும்போதே செய்யும் வழிகள் சில, எடுத்த பின் செய்யும் திருத்தங்கள் சில. இன்று திருத்தும் கருவிகள் இல்லாத சாளரத்தையும் வரைந்து தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. ஆகவே எப்படித் திருத்துவது என்பதோடு எதுவரை திருத்தலாம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவின் பார்வை மனிதக் கண்ணின் பார்வையைவிடக் குறுகியது. அந்தக் குறையை ஈடுசெய்யும் எந்தத் திருத்தமும் நியாயமானது, பல நேரங்களில் கட்டாயமானதும்கூட. அதைத் தாண்டி, அங்கே நின்ற எவரும் கண்டிருக்க முடியாத ஓர் அறையை உண்டாக்கும் திருத்தம் கட்டடத்தைப் பற்றிய பொய்.

திருத்தம் புதிதல்ல

கணினி வந்த பிறகுதான் படங்களைத் திருத்தத் தொடங்கினார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் பெரிய கட்டட ஒளிப்படத் தொகுப்பே அதை மறுக்கிறது. மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சை, திருவரங்கம் முதலிய ஊர்களின் கட்டடங்களைப் படமாக்கினார். புதுமண்டபமும் திருமலை நாயக்கர் அரண்மனையும் அவற்றுள் உண்டு. மெழுகு பூசிய காகிதத்தைப் பெரும்பாலும் அவர் நெகட்டிவாகப் பயன்படுத்தினார். அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகுதியாக வாங்குவதால், கட்டடம் சரியாகப் பதிவாகும் நேரத்துக்குள் வானம் முழுவதும் வெளுத்துவிடும். டிரைப் நெகட்டிவின்மேல் நிறமிகளைத் தீட்டி மேகங்களை வரைந்து சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். இன்று மென்பொருள் செய்யும் படஇணைப்பை அவர் கத்தரியும் பசையும் கொண்டு செய்தார்.

உட்புறத்துக்கு ஒளி கொண்டுபோவது அடுத்த சவாலாக இருந்தது. பாரிஸின் நிலத்தடிச் சுரங்கக் கல்லறைகளை 1860களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் நாதார் மின்கல விளக்குகளை வைத்துப் படமெடுத்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை தேவைப்பட்டதால், அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க மனிதருக்குப் பதில் பொம்மைகளை நிறுத்தினார். 1865இல் சார்ல்ஸ் பியாசி ஸ்மித், கீசாவின் பெரிய பிரமிடுக்குள் மக்னீசியத்தை எரித்துப் படம் பிடித்தார். 1887இல் ஜெர்மனியில் பளிச்சொளித் தூள் உருவானபின் இருட்டறை என்ற காரணம் எவரையும் தடுக்கவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் நின்றவர் ஆங்கிலேயரான ஃபிரடெரிக் இவான்ஸ். 1903இல் வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த படிக்கட்டை அவர் எடுத்த படம் இத்துறையின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. நெகட்டிவைத் தீட்டித் திருத்துவதை அவர் ஏற்கவில்லை. தூண்களில் வெளிச்சம் சரியாக விழும் பொழுதுக்காகக் காத்திருந்து, நீண்ட நேரம் ஒளியை வாங்கி, படிக்கல்லின் ஒவ்வொரு பள்ளத்தையும் பதித்தார். எடுத்த பின் திருத்தும் வழிக்கு டிரைப் முன்னோடி என்றால், எடுக்கும் முன்பே அனைத்தையும் சரிசெய்யும் வழிக்கு இவான்ஸ் முன்னோடி. இன்றுவரை இத்துறை இந்த இரண்டு வழிகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

இரண்டையும் இணைத்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கரான ஜூலியஸ் ஷுல்மன். கட்டடக் கலைஞர் பியர் கோனிக் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் குன்றொன்றின் விளிம்பில் கட்டிய கண்ணாடி வீட்டை அவர் 1960இல் படமெடுத்தார். கீழே நகரத்தின் விளக்குகள் பதியச் சுமார் ஏழு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தார். வீட்டுக்குள் அமர்ந்திருந்த இரு பெண்களை அதே ஃபிலிமில் ஒரு நொடிப் பளிச்சொளியால் பதித்தார். இரு வேறு வெளிச்சங்களை ஒரு படத்தில் சேர்க்கும் இன்றைய கணினி வேலையின் அடிப்படை அதுவே.

அழகுக்காக அல்லாமல் ஆவணத்துக்காகவே எடுக்கும் மரபும் கூடவே வளர்ந்தது. அமெரிக்கா 1933இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பு, பெரிய அளவு ஃபிலிமில் அளவுகோலுடன் எடுத்த படங்களைச் சேர்த்துவைத்தது. நம் பக்கத்தில் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களின் நடுவிலிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காத்துவருகிறது. திருட்டுப்போன சிலைகள் எந்தக் கோயிலுக்குரியவை என்று நிறுவுவதற்கு அந்தப் படங்கள் சான்றாக நின்றிருக்கின்றன. திருத்தாத, நேர்மையான படம் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்கு வேண்டியதில்லை.

நிற்குமிடமும் கோடுகளும்

நல்ல உட்புறப் படத்தின் பெரும்பகுதி கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அறையின் ஒரு சுவருக்கு நேர் எதிரே நின்று எடுப்பது ஒரு முறை. அப்போது எல்லாக் கோடுகளும் நடுவிலுள்ள ஒரே புள்ளியை நோக்கி ஓடும். வாசலுக்கு நேராக வாசல் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீட்டுக்கும், தூண்வரிசை கொண்ட கோயில் மண்டபத்துக்கும் இதுவே இயல்பான முறை. மூலையில் நின்று இரண்டு சுவர்கள் தெரிய எடுப்பது இன்னொரு முறை. அறையின் அளவும் அடுத்த அறையோடு அதற்குள்ள தொடர்பும் இதில் நன்கு விளங்கும். மூன்று சுவர்களையும் அடக்க முயலும் படம் பெரும்பாலும் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை.

செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதி. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தவுடன் ஃபிலிம் அல்லது சென்சாரின் தளம் சுவரின் தளத்துக்கு இணையாக இல்லாமல் போகிறது. சுவர்கள் மேலே குறுகுவது அதனால்தான். முக்காலியில் கேமராவை நீர்மட்டம் பார்த்து வைத்தால் சாய்வு போய்விடும். ஆனால் உயரமான மண்டபத்தின் விதானம் படத்துக்கு வெளியே போய்விடும், தரை மட்டும் மிகுதியாகத் தெரியும். இதற்காகத்தான் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் வந்தது. பழைய பெல்லோஸ் கேமராக்களில் இயல்பாக இருந்த இந்த வசதியை, 35 மி.மீ. கேமராவுக்கு நிக்கான் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. கேனன் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 17 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் உட்புறப் படம் எடுப்போரிடையே பெயர்பெற்றது.

பின்வாங்க இடமில்லாத அறையில் அகலக்கோண லென்ஸ் தவிர்க்க முடியாதது. அதன் விலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். முழுச் சட்டக சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாகச் சுமார் 54 பாகை காட்டும். 24 மி.மீ. லென்ஸ் 74 பாகை, 17 மி.மீ. லென்ஸ் 93 பாகை. கோணம் விரிய விரியப் படத்தின் ஓரங்கள் இழுபடும். ஓரத்தில் வைத்த உருண்டைக் குடம் 35 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நீளும், 24 மி.மீ.யில் கால் பங்கு நீளும், 17 மி.மீ.யில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நீண்ட முட்டை வடிவமாகிவிடும். இது லென்ஸின் குறையல்ல. நேர்கோடுகளை நேராகவே காட்டும் எந்த லென்ஸும் வடிவியல்படி இதற்கு உட்பட்டதுதான். ஆகவே நாற்காலி, விளக்கு, மனிதர் முகம் ஆகியவற்றை அகலக்கோணப் படத்தின் ஓரத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. கூடிய மட்டும் 24 மி.மீ.க்குக் கீழே போகாதிருப்பது அறையின் அளவைப் பற்றி உண்மை பேசுவதாகும்.

இதற்கு மாற்று ஒன்று ஓவியத்திலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பாந்தியோன் உட்புறத்தை வரைந்த ஜொவானி பாவ்லோ பன்னீனி, மிக அகன்ற காட்சியையும் ஓரங்கள் இழுபடாமல் காட்டினார். அத்தகைய ஓவியங்களை ஆராய்ந்து டாமஸ் ஷார்ப்லெஸ் உள்ளிட்டோர் 2010இல் ஒரு கணித முறையை வெளியிட்டு, அதற்குப் பன்னீனியின் பெயரையே வைத்தார்கள். ஹூகின் போன்ற இலவச மென்பொருளில் இம்முறை கிடைக்கிறது. பல படங்களை இணைத்து அகன்ற மண்டபத்தைக் காட்ட விரும்புவோர் கட்டாயம் கற்க வேண்டிய முறை இது.

கேமராவின் உயரமும் கவனிக்க வேண்டியது. நின்றபடி கண்மட்டத்தில் எடுத்தால் மேசை, கட்டில் ஆகியவற்றின் மேற்பரப்பு மிகுதியாகத் தெரியும். பெரும்பாலான அறைகளுக்கு 1.2 மீட்டர் அளவு பொருந்தும். தரையில் அமர்ந்து வாழ்ந்த வீடுகளின் கூடத்தையும் திண்ணையையும் அதைவிடத் தாழ்வாக வைத்து எடுத்தால்தான் அவற்றின் அளவு சரியாக விளங்குகிறது. முன்னிருந்து பின்வரை கூர்மையாக விழ அபெர்ச்சர் எஃப் 8 முதல் 11 வரை போதும். 24 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்துச் சுமார் 2.4 மீட்டரில் குவித்தால், 1.2 மீட்டரிலிருந்து எல்லையற்ற தொலைவு வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். எஃப் 16ஐத் தாண்டினால் ஒளியின் விளிம்பு விளைவால் படமே மென்மையாகத் தொடங்கும்.

வெளிச்சத்தை அடக்கும் வழிகள்

உச்சிவெயில் விழும் இடத்தில் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். விளக்கெரியும் வீட்டறையில் 100 முதல் 300 லக்ஸ். தாழ்வாரத்தின் இருண்ட மூலையில் 10 லக்ஸ்கூட இருக்கலாம். ஒளிப்படக்காரர்கள் வெளிச்சம் இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். முற்றத்துக்கும் மூலைக்கும் உள்ள பத்தாயிரம் மடங்கு வேறுபாடு பதின்மூன்று ஸ்டாப்புக்கு மேல் வருகிறது. தூணின் கருமை, சுவரின் வெண்மை ஆகியவற்றால் அது இன்னும் கூடும். இன்றைய நல்ல சென்சார் குறைந்த ஐஎஸ்ஓவில் 14 ஸ்டாப் அளவுக்கு வாங்கினாலும், அதன் அடிப்பகுதி புள்ளி புள்ளியான இரைச்சலாகவே இருக்கும். கண் முற்றத்தைப் பார்க்கும்போது சுருங்கி, மூலையைப் பார்க்கும்போது விரிந்து, இரண்டையும் மூளையில் சேர்த்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை.

முதல் வழி, பொழுதைத் தேர்ந்தெடுப்பது. மேகமூட்டமான நாளில் இடைவெளி பல ஸ்டாப் குறைந்துவிடும். சூரியன் மறைந்த பின் உள்விளக்கும் வெளிவானமும் சமமாகும் சில நிமிடங்கள் உண்டு. ஐரோப்பிய நூல்கள் இதை நீண்ட நேரமாகச் சொல்லும். தமிழ்நாட்டில் அந்திவெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும் என்பதால், முக்காலியும் சட்டகமும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சூரியனின் போக்கும் தெரிந்திருக்க வேண்டும். காரைக்குடியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் வெயில் செங்குத்தாக முற்றத்தில் இறங்கும். மார்கழியில் தெற்கேயிருந்து சாய்ந்து வந்து வடபுறத் தாழ்வாரத்தின் தூண்களைத் தொடும். தூண்களின் செதுக்கு வேலையைக் காட்ட அந்தச் சாய்ந்த வெயிலே ஏற்றது.

இரண்டாம் வழி, பல அளவுகளில் எடுத்துச் சேர்ப்பது. முக்காலியை அசைக்காமல், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள் எடுத்தால் சென்சாரின் வீச்சோடு எட்டு ஸ்டாப் கூடுதலாகக் கிடைக்கும். இப்படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிடும் முறையைப் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997இல் வெளியிட்டார்கள். எச்டிஆர் என்று இன்று பரவலாக வழங்கும் உத்திக்கு அதுவே அடித்தளம். ஆனால் அந்தப் பெரிய வீச்சைத் திரையின் சிறிய வீச்சுக்குள் சுருக்கும்போது தவறு நேர்கிறது. சுவர்கள் அழுக்குச் சாம்பலாகின்றன, சாளரத்தைச் சுற்றி ஒளிவளையம் தோன்றுகிறது, நிறங்கள் அலறுகின்றன. 2007இல் டாம் மெர்டென்ஸும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த இணைப்பு முறை, ஒவ்வொரு படத்திலும் நன்கு பதிவான பகுதிகளை மட்டும் எடைபோட்டுக் கலக்கிறது. உட்புறப் படங்களுக்கு இதன் விளைவு இயல்பாக இருப்பதைக் காண்கிறோம்.

மூன்றாம் வழி, ஒளியைச் சேர்ப்பது. வெள்ளைக் கூரையில் ஃபிளாஷைத் தெறிக்கவிட்டால் மென்மையான வெளிச்சம் அறை முழுவதும் பரவும். இயற்கை வெளிச்சத்தில் ஒரு படம், ஃபிளாஷுடன் ஒரு படம், சாளரத்துக்கு வெளியே தெரியும் காட்சிக்காக ஒரு படம் என எடுத்து அடுக்குகளாகச் சேர்ப்பது இன்றைய வீட்டு விற்பனைப் படங்களில் வழக்கம். சுவரின் நிறம் சுத்தமாக வருவது இதன் பலம். ஆனால் தேக்குப் பலகை வேய்ந்த கூரையில் ஃபிளாஷைத் தெறிக்கவிட்டால் அறை முழுவதும் பழுப்பேறும். அங்கே வெள்ளைத் துணி கட்டி அதில் தெறிக்கவிடுவதே வழி. பழைய ஓவியம் உள்ள சுவரருகில் ஃபிளாஷே வேண்டாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்றை மறக்கலாகாது. நிழல் ஒரு குறையல்ல. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அறை எவ்வளவு ஆழம், தூண் உருண்டையா சதுரமா என்பதை நிழலே சொல்கிறது. லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிய வீடுகளின் செங்கல் சாலகங்கள் தரையில் தூவும் ஒளிப்புள்ளிகளை நினைத்துப் பாருங்கள். அந்தப் புள்ளிகளுக்கிடையே உள்ள இருட்டை நிரப்பிவிட்டால் பேக்கரின் வீட்டையே அழித்தவர்களாவோம். எல்லா மூலையும் ஒரே வெளிச்சத்தில் தெரியும் படம் தகவல் நிறைந்ததாக இருக்கலாம். அறையாக இருக்காது.

நிறம்

பகல் வெளிச்சத்தின் நிறவெப்பம் சுமார் 5,500 கெல்வின். பழைய குண்டு பல்பு 2,800 கெல்வின் அளவில் மஞ்சளாக எரியும். எல்இடி விளக்குகள் 3,000 முதல் 6,500 வரை எப்படியும் இருக்கும். குழல் விளக்கு பச்சை சாய்வு தரும். இவை ஒரே அறையில் எரிந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் எல்லாவற்றையும் சரிசெய்யாது. எளிய தீர்வு, விளக்குகளை அணைத்துவிட்டுச் சாளர வெளிச்சத்தில் மட்டும் எடுப்பது. விளக்குகள் கட்டடத்தின் அழகில் பங்கு கொண்டவை என்றால் ஒரே வகை விளக்கை மட்டும் எரியவிடலாம், அல்லது விளக்கெரியும் படத்தையும் எரியாத படத்தையும் தனித்தனியாக எடுத்துப் பின்னர் சேர்க்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை நொடியில் 50இல் ஒரு பங்கு, 100இல் ஒரு பங்கு என்று வைத்தால், அல்லது முக்காலியில் இன்னும் நீண்ட நேரம் திறந்தால், படத்தில் பட்டைகள் விழாது.

விளக்கைத் தவிர அறையின் பொருட்களும் நிறம் வீசுகின்றன. சிவப்பு ஆக்சைடு தரையில் பட்ட வெயில் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதியைச் சிவக்கவைக்கும். வண்ணக் கண்ணாடி பதித்த சாளரம் எதிர்ச்சுவரில் பச்சையும் நீலமும் தெளிக்கும். இவற்றைக் கணினியில் முழுவதும் துடைத்துவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அங்கே நின்றவர் அந்தச் சிவப்பைக் கண்டிருப்பார். கேமரா அதை மிகைப்படுத்தியிருந்தால் குறைக்கலாம், நீக்கக் கூடாது. எது மிகை என்று அறிய, முதல் படத்தில் சாம்பல் அட்டையோ 24 நிறச் சதுரங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையோ வைத்து எடுத்துவிடுவது நலம். 1976இல் அறிமுகமான அந்த அட்டை இன்றும் நிறத்துக்கு நம்பகமான நடுவர்.

எடுக்கும் முன் ஒழுங்கு

கணினியில் ஒரு மணி நேரம் எடுக்கும் வேலையை அறையில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். தொங்கும் ஒயர், நாட்காட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, கசங்கிய திரைச்சீலை ஆகியவற்றை ஒதுக்கிவைப்பதே சிறந்த திருத்தம். நாற்காலிகளைச் சுவருக்கு இணையாக வைப்பதும், கண்ணாடிக் கதவைத் துடைப்பதும் படத்தில் உடனே தெரியும். பெல்ஜியம் கண்ணாடி மாட்டிய கூடத்தில் கேமரா பிரதிபலிக்காத இடத்தை முதலில் தேட வேண்டும். முட்டைவெள்ளை சேர்த்துத் தேய்த்த செட்டிநாட்டுச் சுவரிலும் ஆத்தங்குடித் தரையிலும் விழும் பளபளப்பைப் போலரைசிங் ஃபில்டர் குறைக்கும். ஆனால் முழுவதும் குறைத்தால் அச்சுவரின் பெருமையே போய்விடும். பாதியில் நிறுத்துவது நல்லது.

அனுமதியும் ஒழுங்கில் சேர்ந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்க அனுமதி பெற வேண்டும். கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கருவறையைப் படமெடுக்கக் கூடாது என்ற மரபை மதிப்பதும் இந்தக் கலையின் பகுதிதான்.

கணினியில் செய்ய வேண்டியவை

ரா கோப்பில் எடுப்பது அடிப்படை. ஜேபெக் எட்டு பிட்டில் சுருக்கி எறிந்துவிடும் நுணுக்கங்களை ரா கோப்பு 12 அல்லது 14 பிட்டில் வைத்திருக்கும். திருத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் லென்ஸின் வளைவையும் ஓர இருட்டையும் நீக்க வேண்டும். அடுத்துச் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்த வேண்டும். பின்னர் வெளிச்சப் படங்களைச் சேர்த்து, நிறத்தைச் சமன்செய்து, கடைசியாகச் சிறு பகுதிகளை மட்டும் தனித்தனியே கூட்டிக் குறைக்க வேண்டும். கூர்மையாக்குவது அளவைத் தீர்மானித்த பிறகே.

மென்பொருளில் கோடுகளை நிமிர்த்துவது எளிது என்பதால் பலர் கேமராவைச் சாய்த்தே எடுத்துவிடுகிறார்கள். அப்படி நிமிர்த்தும்போது படத்தின் மேற்பகுதி இழுக்கப்பட்டு நுணுக்கத்தை இழக்கிறது, ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, அறையின் உயரம் மிகுந்தோ குறைந்தோ தோன்றுகிறது. சிறு சாய்வுக்கு அது மருந்து, பெரும் சாய்வுக்கு ஷிஃப்ட் லென்ஸோ படஇணைப்போதான் வழி.

படஇணைப்பு குறுகிய இடங்களுக்குப் பெரும் துணை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்வழியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். இருண்டு ஒடுங்கிய அந்த வழியில் ஓவியத்தை முழுமையாகப் பார்க்கும் அளவுக்குப் பின்வாங்க இடமில்லை. அத்தகைய சுவரைச் சிறு சிறு பகுதிகளாக ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து இணைத்தால், நேரில் நிற்பவருக்கும் கிடைக்காத முழுப் பார்வை கிடைக்கும். இங்கே திருத்தம் உண்மையைக் கூட்டுகிறது.

செயற்கை நுண்ணறிவு வழியே இரைச்சல் நீக்கும் கருவிகள் இருண்ட மூலைகளுக்கு உதவுகின்றன. ஆனால் அவை தெரியாத இடத்தில் தாமே ஊகித்து நிரப்புகின்றன. வெறும் சுவரில் அதனால் கேடில்லை. ஓவியம், கல்வெட்டு, செதுக்கு வேலை உள்ள இடத்தில் கருவி ஊகித்த கோடு நாளை ஆய்வாளருக்குச் சான்றாகிவிடும். அங்கே முக்காலியும் குறைந்த ஐஎஸ்ஓவும் நீண்ட ஷட்டருமே சரியான இரைச்சல் நீக்கி.

எல்லை எது?

திருத்தங்களை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். முதல் படி மீட்பு: சாய்வு, வளைவு, வெளிச்ச வீச்சு, நிறம் ஆகியவற்றில் கேமரா இழந்ததைத் திரும்பக் கொண்டுவருவது. இதற்கு எவர் அனுமதியும் வேண்டாம். இரண்டாம் படி துப்புரவு: சுவரில் ஒட்டிய நாடா, தரையில் கிடந்த தாள் போன்ற தற்காலிகப் பொருட்களை நீக்குவது. பத்திரிகைப் படத்துக்கும் கட்டடக் கலைஞரின் தொகுப்புக்கும் இதை ஏற்கலாம், ஆவணப் படத்துக்கு ஏற்கக் கூடாது. மூன்றாம் படி புனைவு: சுவர் விரிசலை மறைப்பது, சாளரத்துக்கு வெளியே உள்ள அடுத்த வீட்டுச் சுவரை அழித்து மரங்களை வைப்பது, காலி அறையில் இல்லாத சோபாவை இட்டுக் காட்டுவது. ஃபோட்டோஷாப் 2023இல் சேர்த்த உருவாக்கி நிரப்பும் வசதியால் இது சில நொடி வேலையாகிவிட்டது.

மூன்றாம் படியைக் கலைச் சுதந்திரம் என்று வாதிடுவோர் உண்டு. டிரைப் மேகம் வரையவில்லையா, ஷுல்மன் இரு வெளிச்சங்களைச் சேர்க்கவில்லையா என்று கேட்பார்கள். வேறுபாடு தெளிவானது. டிரைப் வரைந்தது வானத்தை, கட்டடத்தையல்ல. ஷுல்மனின் படத்திலுள்ள நகரமும் அந்தப் பெண்களும் அந்த இரவில் அங்கேயே இருந்தவை, இருந்தவர்கள். அறையின் அளவையும் நிலையையும் சுற்றுப்புறத்தையும் மாற்றும் படம் வேறு வகையைச் சேர்ந்தது. அதைப் பார்த்து ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்குகிறது.

சட்டமும் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்படைந்தவருக்கு ஈடு தர வேண்டும் என்கிறது. விளம்பரப் படத்தைப் பொய்யாகத் திருத்துவோர் இந்தப் பிரிவை மனத்தில் கொள்வது நல்லது. கலிபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டு விற்பனை விளம்பரங்களில் கணினியால் மாற்றிய படங்களை அவ்வாறே அறிவிக்கவும், மாற்றாத மூலப்படத்தைக் காட்டவும் வேண்டும் என்ற சட்டத்தை 2026 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. தொழில்நுட்பத் தரப்பில், படம் எங்கே பிறந்தது, என்னென்ன மாற்றங்கள் கண்டது என்பதைக் கோப்புக்குள்ளேயே முத்திரையிடும் சி2பிஏ தரநிலையை உருவாக்கும் கூட்டணி 2021இல் அமைந்தது. 2023இல் லைக்கா அதை ஒரு கேமராவுக்குள்ளேயே கொண்டுவந்தது.

செய்ய வேண்டியவை

இத்தனையையும் ஒரு கேள்வியில் அடக்கலாம்: நான் செய்யும் திருத்தத்தின் முடிவை, அந்த இடத்தில், அந்த நேரத்தில் நின்ற ஒருவர் கண்டிருப்பாரா? ஆம் என்றால் தயங்காமல் செய்யலாம். இல்லை என்றால் படத்தின் கீழே அதை எழுதிவிட வேண்டும். எழுதக் கூசினால் அந்தத் திருத்தத்தையே கைவிட வேண்டும்.

இதைத் தொழில்முறைக் கலைஞர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. செட்டிநாட்டில் பழைய வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் விலைபோகின்றன. அக்கிரகாரத்து வீடுகளும் மெட்ராஸ் டெரஸ் போட்ட நகரத்து வீடுகளும் அடுக்குமாடிகளுக்கு வழிவிடுகின்றன. அவற்றின் உட்புறத்தை முறையாகப் பதிவுசெய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ரா கோப்பு தரும் கேமரா ஒன்று, உறுதியான முக்காலி ஒன்று, நிற அட்டை ஒன்று, அளவுகோல் ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு அறையையும் நேராகவும் மூலையிலிருந்தும் எடுங்கள். நாள், ஊர், எந்தத் திசை நோக்கி எடுத்தது என்பவற்றைக் கோப்பிலேயே எழுதுங்கள். அழகுபடுத்திய படத்தை வெளியிடுங்கள், ஆனால் மூலக்கோப்பை அழிக்காதீர்கள். அதன் பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள், முடிந்தால் ஒரு நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். வீடு இடிந்த பிறகு அதைப் பற்றி உண்மை சொல்லப்போவது அந்தக் கோப்பு மட்டுமே.